எவ்வளவு குடுக்குது?

பழைய ஜீப் வைத்திருப்பவனிடம் யாரும் நலம் விசாரிப்பதில்லை. ‘எவ்வளவு குடுக்குது?’ என்றுதான் கேட்கிறார்கள். பங்க்கில் டீசல் போடும் பையன் கேட்கிறான். டீக்கடையில் பக்கத்தில் நிற்பவர் கேட்கிறார். கல்யாணப் பந்தியில் அடுத்த இலைக்காரர், பாயசம் வருவதற்குள் கேட்டுவிடுகிறார். ‘பத்து’ என்று சொன்னால் உதட்டைப் பிதுக்குவார்கள். ‘என் வண்டி பதினெட்டு’, ‘என் மகன் வண்டி இருபத்திரண்டு’ என்று அவர்கள் பக்கத்துக் கணக்கு வந்து விழும். அப்புறம் ஒரு பரிதாபப் பார்வை.

அந்தப் பார்வை என்னைத் தொந்தரவு செய்வதில்லை. தொந்தரவு செய்வது அந்தக் கேள்விதான். ஒரு லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று கேட்டுக் கேட்டு, பழைய வண்டி வைத்திருப்பவர்கள் பலர் தப்பான முடிவுக்குப் போகிறார்கள். நல்ல வண்டியைப் பழைய இரும்புக்குக் கொடுக்கிறார்கள். இல்லாவிட்டால், ‘எப்படியும் குடிக்கிற வண்டிதானே’ என்று கைகழுவிவிட்டு, மிச்சப்படுத்தக்கூடிய டீசலையும் விட்டுவிடுகிறார்கள். இரண்டுமே நஷ்டம்.

நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எங்கள் தலைமுறையில் புதுச்சேரியில் அது அதிசயமில்லை. வீட்டில் தமிழ், வகுப்பில் பிரெஞ்சு, பிறகு உத்தியோகத்துக்காகத் தட்டுத் தடுமாறிக் கற்ற ஆங்கிலம். மூன்று மொழியில் புழங்கியவனுக்கு ஒரே விஷயத்தை ஒவ்வொரு ஊரும் எப்படிக் கேட்கிறது என்பதில் ஒரு ருசி உண்டு. தமிழில் வண்டி எவ்வளவு ‘குடுக்குது’ என்கிறோம். ஏதோ பசு மாடு பால் கொடுக்கிற மாதிரி. பிரெஞ்சுக்காரன் ‘சா கொன்சொம் கொம்பியேன்?’ என்பான். எவ்வளவு தின்கிறது என்று அர்த்தம். பதிலும் அதற்கேற்ற மாதிரி வரும்: நூறு கிலோமீட்டருக்கு இத்தனை லிட்டர். ‘லித்ர் ஓ சான்’ என்பது அங்கே சாதாரணப் பேச்சு.

நாம் மெட்ரிக் அளவுக்கு மாற 1956-ல் சட்டம் போட்டோம். மைல் கல்லெல்லாம் கிலோமீட்டர் கல் ஆகிவிட்டது. ஆனால் ‘மைலேஜ்’ மட்டும் போகவில்லை. ஆங்கிலேயன் காலனுக்கு இத்தனை மைல் என்று எண்ணியதை, மைலையும் காலனையும் தூக்கிப் போட்டுவிட்டு, எண்ணும் முறையை மட்டும் அப்படியே வைத்துக்கொண்டோம்.

‘எப்படிச் சொன்னால் என்ன சார், தலைகீழாக வகுத்தால் போச்சு’ என்று ஒரு நண்பர் சொன்னார். வகுத்துப் பார்ப்போம். வகுத்தால்தான் விஷயம் தெரியும்.

லிட்டருக்கு 8 கிலோமீட்டர் ஓடும் வண்டி நூறு கிலோமீட்டருக்கு 12.5 லிட்டர் தின்கிறது. அதைச் சரிசெய்து 10-க்குக் கொண்டுவந்தால், நூறுக்கு 10 லிட்டர். மிச்சம் இரண்டரை லிட்டர்.

இப்போது 18 ஓடும் புது வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். நூறுக்கு 5.56 லிட்டர். அதையும் இரண்டு கிலோமீட்டர் உயர்த்தி 20 ஆக்கினால், நூறுக்கு 5 லிட்டர். மிச்சம் அரை லிட்டருக்குச் சற்று மேல், அவ்வளவுதான்.

இரண்டிலும் கூடியது அதே ‘இரண்டு கிலோமீட்டர்’. ஆனால் பழைய ஜீப்பில் அந்த இரண்டுக்கு நாலரை மடங்கு மதிப்பு. 20 ஓடும் வண்டியை 25 ஆக்கினால்கூட நூறுக்கு 1 லிட்டர்தான் மிச்சம். காதுக்கு ஐந்து பெரிது, இரண்டு சிறிது. டேங்க்குக்கோ அந்தச் சின்ன இரண்டுதான் பெரிது.

இது நான் கண்டுபிடித்தது இல்லை. அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் லாரிக், ஜாக் சோல் என்ற இருவர் 2008-ல் ‘சயன்ஸ்’ இதழில் இதைப் பற்றி எழுதினார்கள். காலனுக்கு இத்தனை மைல் என்று சொன்னால் மக்கள் மிச்சத்தைத் தப்பாக எடைபோடுகிறார்கள், இத்தனை மைலுக்கு இத்தனை காலன் என்று சொன்னால் சரியாகப் பார்க்கிறார்கள் என்று காட்டினார்கள். அதன்பின் அங்கே 2013-ம் வருட மாடல் முதல் புதுக் கார்களின் கண்ணாடியில் ஒட்டும் சீட்டில் நூறு மைலுக்கு எத்தனை காலன் என்பதையும் அச்சிடுகிறார்கள். மைலை விடாத அமெரிக்கனே இறங்கி வந்துவிட்டான். கிலோமீட்டரும் லிட்டரும் கையில் வைத்திருக்கும் நாம்தான் இன்னும் பால் கறந்துகொண்டிருக்கிறோம்.

என் வண்டியைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மகிந்திரா எம்.எம். 540, டீசல், 1989 மாடல். பத்து வருடம் ஓடிய பிறகு தெரிந்தவரிடமிருந்து வாங்கினேன். நாலே கியர். கேன்வாஸ் கூரை. பவர் ஸ்டியரிங், ஏ.சி. எதுவும் கிடையாது. இன்ஜின் பெழோ கம்பெனியின் லைசென்ஸில் இங்கே தயாரானது. நம் மெக்கானிக்குகள் ‘பிஜோ இன்ஜின்’ என்பார்கள். எக்ஸ்.டி.பி. 4.90 என்று பெயர். நாலு சிலிண்டர், ஒவ்வொன்றும் 90 மில்லிமீட்டர் விட்டம், மொத்தம் 2,112 சி.சி. இதே குடும்பத்து இன்ஜின் பிரான்சில் பெழோ 504 டீசல் காரில் ஓடியது. பிரெஞ்சுக்காரர்கள் புதுச்சேரியை விட்டுப் போய்ப் பல வருடம் கழித்து அவர்கள் இன்ஜின் ஜீப்புக்குள் உட்கார்ந்து திரும்பி வந்தது. எனக்கு அந்த வண்டி மேல் வந்த பிரியத்துக்கு அதுவும் ஒரு காரணம் என்றால் சிரிக்காதீர்கள்.

மைலேஜ் என்ற எண்ணை நான் முதலில் பார்த்தது சொந்த வண்டியில் இல்லை. ஆபீஸ் லாக் புக்கில். எல்.டி.சி.யாகச் சேர்ந்த காலத்தில், ஒரு ஆபீஸில் (எது என்பது வேண்டாம்) ஜீப் லாக் புக் சரிபார்ப்பது என் மேஜை வேலை. தேதி, எங்கிருந்து எங்கே, புறப்படும்போது மீட்டர், திரும்பும்போது மீட்டர், என்ன காரியம், அதிகாரி கையெழுத்து, போட்ட எண்ணெய் என்று வரிசையாகக் கட்டங்கள். மாதக் கடைசியில் கே.எம்.பி.எல். எடுத்து எழுத வேண்டும்.

அந்த ஜீப் வெயில், மழை, மேடு, பள்ளம், எந்த மாதத்திலும் ஒரே கணக்குத்தான் கொடுத்தது. ஒன்பதரை. தசமம்கூட மாறாது. மீட்டர் கேபிள் அறுந்து கிடந்த மாதத்திலும் ஒன்பதரை. காரணம் ரகசியம் ஒன்றுமில்லை. வண்டி வந்த புதிதில் யாரோ ஓட்டிப் பார்த்து ஒன்பதரை என்று நிர்ணயம் செய்துவிட்டார்கள். அதற்குக் குறைந்தால் ஆடிட்டில் கேள்வி வரும், கூடினால் ‘இனி இதையே நிர்ணயம் ஆக்கலாமே’ என்று இன்னொரு கேள்வி வரும். ஆகையால் எண்ணெய் எவ்வளவு போட்டார்களோ அதை ஒன்பதரையால் பெருக்கி, ஓடிய தூரம் என்று எழுதினார்கள். நான் பென்சிலில் குறி போட்டு மேலே அனுப்புவேன். பேனாவில் கையெழுத்தாகித் திரும்பி வரும்.

அங்கே கற்றது ஒன்று. அளக்காமல் சொல்லும் மைலேஜ் ஒரு கௌரவக் கணக்கு. பந்தியில் ‘இருபத்திரண்டு’ என்று சொல்பவர்களில் எத்தனை பேர் அளந்து பார்த்தவர்கள்? கம்பெனி சொன்னது, டாஷ்போர்டு காட்டியது, மச்சான் சொன்னது என்று ஏதோ ஒன்று. அளப்பதோ ரொம்பச் சுலபம். என் முறையைச் சொல்கிறேன்.

கிளம்பும்போது ஒரு பங்க்கில் டேங்க்கை நிரப்புங்கள். நாசில் தானாகக் ‘கட்’ ஆனதும் நிறுத்திவிட வேண்டும். டீசல் நுரைக்கும். நுரை அடங்கியபின் இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று வாய்வரை போட்டால் கணக்குக் கெட்டுவிடும். மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். பயணம் முடிந்து வந்ததும் அதே பங்க், முடிந்தால் அதே நாசில், அதே முதல் ‘கட்’. நடுவில் போட்டதையும் கடைசியில் போட்டதையும் கூட்டுங்கள். அந்த லிட்டரை நூறால் பெருக்கி, ஓடிய கிலோமீட்டரால் வகுத்தால் விடை.

ஐம்பது கிலோமீட்டர் ஓட்டிவிட்டு இந்தக் கணக்குப் போடாதீர்கள். நிரப்புவதில் எப்படியும் அரை லிட்டர், ஒரு லிட்டர் முன்னே பின்னே ஆகும். ஐந்து லிட்டரில் ஒரு லிட்டர் தப்பு என்றால் கணக்கே தப்பு. ஐம்பது லிட்டரில் ஒரு லிட்டர் தப்பு என்றால் இரண்டு சதவீதம், போகட்டும். அளப்பதற்கு நீண்ட பயணமே சரி.

இன்னொரு கண்ணியும் இருக்கிறது. மலை ஏறும்போது லிட்டருக்கு 8, இறங்கும்போது 16, சராசரி 12 என்று படித்தவர்களே சொல்கிறார்கள். தப்பு. நூறு கிலோமீட்டர் ஏற 12.5 லிட்டர், அதே நூறு இறங்க 6.25 லிட்டர். இருநூறுக்கு 18.75 லிட்டர். லிட்டருக்கு 10.67 தான். நூறுக்கு இத்தனை என்று எழுதி வைத்தால், சம தூரத்துக்கு நேராகக் கூட்டி இரண்டால் வகுக்கலாம். ஐந்தாம் வகுப்புப் பிள்ளையும் தப்பாமல் போடும்.

சரி, பழைய ஜீப்பில் டீசல் எங்கே போகிறது? வயதில் கொஞ்சம் போகிறது. ஆனால் வெளியூர்ப் பயணத்தில் அதிகம் போவது வேகத்தில்.

என் நோட்டிலிருந்து இரண்டு கொல்லிமலைப் பயணங்கள். விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, ஆத்தூர் வழி. பிறகு காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. முதல் தடவை நான் ஓட்டினேன். சமவெளியில் 55, மிஞ்சினால் 60. மொத்தம் 548 கிலோமீட்டர், 56 லிட்டர். நூறுக்கு 10.2. அடுத்த வருடம் அதே வழி, அதே ஆட்கள், அதே மூட்டை. ஓட்டியது என் அக்கா மகன். நான்குவழிச் சாலை காலியாக இருக்கிறதே என்று 75, 80-ல் விட்டான். 552 கிலோமீட்டர், 68 லிட்டர். நூறுக்கு 12.3.

பந்திக் கணக்கில் சொன்னால் 9.8 என்பது 8.1 ஆனது. ‘ஒண்ணே முக்கால்தானே மாமா குறைஞ்சுது’ என்றான் பையன். லிட்டரில் சொன்னேன். 12 லிட்டர். லிட்டர் 90 ரூபாய் என்று வைத்தால் 1,080 ரூபாய். அதற்குமேல் அவன் பேசவில்லை. ஒரே வண்டி, ஒரே பாதை, வலது காலின் அழுத்தம் மட்டும் வேறு.

காரணம் காற்று. காற்றின் எதிர்ப்பு வேகத்தின் வர்க்கமாகக் கூடும். வேகம் 60-லிருந்து 80 ஆனால் கூடுவது மூன்றில் ஒரு பங்குதான், எதிர்ப்போ 1.78 மடங்கு. புதுக் கார்கள் சோப்புக்கட்டி மாதிரி வழுக்கிக்கொண்டு போகின்றன. ஜீப்பின் முகமோ பீரோவைச் சாலையில் நிறுத்திவைத்த மாதிரி. நிமிர்ந்த கண்ணாடி, வெளியே துருத்தும் மட்கார்டு, படபடவென்று அடிக்கும் கேன்வாஸ். மேலே கேரியரில் மூட்டை கட்டினால் பீரோமேல் பெட்டி. அதோடு, ஜீப்பின் பல் விகிதம் சேற்றில் ஏறுவதற்கு வைத்தது, தார்ச்சாலையில் பறப்பதற்கு இல்லை. 70-ஐத் தாண்டினால் இன்ஜின் அலறுவது நமக்கே கேட்கும். அது சும்மா அலறவில்லை, தின்றுகொண்டே அலறுகிறது.

மெதுவாகப் போனால் நேரம் போகுமே என்பார்கள். போகும். புதுச்சேரியிலிருந்து சேலம் ஏறக்குறைய 200 கிலோமீட்டர். நிதானமாகப் போனால் நாலு மணி நேரம், விரட்டினால் மூன்று மணிக்குச் சற்று மேல். ஒரு மணி நேரத்துக்கும் குறைவான மிச்சத்துக்கு நாலைந்து லிட்டர் டீசல். ஓய்வூதியக்காரனுக்கு அந்த ஒரு மணி நேரத்தில் சேலத்தில் அப்படி என்ன வேலை? டீசல் புதுச்சேரியில் தமிழ்நாட்டைவிடச் சில ரூபாய் குறைவு என்று டேங்க்கை நிரப்பிக்கொண்டு கிளம்புகிறோம். அப்படிக் கிடைத்த லாபத்தை உளுந்தூர்பேட்டை தாண்டுவதற்குள் காற்றில் விடுகிறோம்.

வேகத்துக்கு அடுத்தது சக்கரம். இங்கே ஒரு வேடிக்கை. நண்பர் ஒருவர் ஜீப்புக்கு அழகு சேர்க்கிறேன் என்று பழைய 6.00-16 டயரைக் கழற்றிவிட்டுப் பெரிய டயர் போட்டார். பிறகு ‘பத்து குடுத்துக்கிட்டிருந்த வண்டி இப்ப ஒன்பது சில்லறைதான் குடுக்குது’ என்று புலம்பினார். பெரிய டயர் ஒரு சுற்றுக்கு அதிக தூரம் உருளும். மீட்டருக்கு அது தெரியாது. டயரின் சுற்றளவு 8 சதவீதம் கூடினால், மீட்டர் 100 காட்டும்போது வண்டி 108 ஓடியிருக்கும். பத்து கொடுக்கும் வண்டியும் மீட்டர் கணக்கில் 9.26 தான் காட்டும். அகல டயருக்கு இழுவை கூடும் என்பதும் உண்மை. ஆனால் மீட்டரைத் திருத்தாமல் எவ்வளவு கூடியது என்று யாராலும் சொல்ல முடியாது. நெடுஞ்சாலையில் கிலோமீட்டர் கல் பார்த்து இருபது கல் ஓட்டுங்கள், மீட்டர் எத்தனை காட்டுகிறது என்று குறியுங்கள். அந்த விகிதத்தை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

டயரில் காற்றைப் பயணம் கிளம்பும் காலையில், டயர் சூடாவதற்குமுன் பாருங்கள். மணலிலும் சேற்றிலும் ஓட்டக் காற்றை இறக்கியவர்கள் தார்ச்சாலை ஏறியதும் நிரப்ப மறந்துவிடுகிறார்கள். முன்சக்கரத்தில் ஹப் லாக் உள்ள ஜீப் என்றால் சமவெளியில் அதை ‘ஃப்ரீ’யில் வையுங்கள். இல்லாவிட்டால் தேவையே இல்லாமல் முன் ஆக்சிலும் ஷாஃப்ட்டும் கூடவே சுற்றும். பிரேக் பிடித்துக்கொண்டு ஓடுகிறதா என்று பாருங்கள். இருபது கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி, நாலு டிரம்முக்கும் அருகில் கையைக் கொண்டுபோனால் போதும், எது மட்டும் கொதிக்கிறதோ அங்கே டீசல் எரிகிறது. தொடாதீர்கள், தோல் போய்விடும். பழைய ஜீப்பின் எண்ணெய்க் கிண்ணம் வைத்த ஏர் ஃபில்டரில் சேறு படிந்திருந்தால் கழுவி எண்ணெய் மாற்றுங்கள். பின்னால் கறுப்புப் புகை வந்தால் நாசில் பார்க்கச் சொல்லுங்கள். கறுப்புப் புகை என்பது சரியாக எரியாத டீசல், நீங்கள் காசு கொடுத்து வாங்கியது.

இவை ஒவ்வொன்றும் நூறுக்குக் கால் லிட்டர், அரை லிட்டர் என்றுதான் சேர்க்கும். ஆனால் முன்னே சொன்ன கணக்கை நினைவில் வையுங்கள். 12.5-லிருந்து 10-க்கு வருவது இப்படிச் சில்லறையாகத்தான். புது வண்டிக்காரர் தலைகீழாக நின்றாலும் இரண்டரை லிட்டர் மிச்சம் பிடிக்க முடியாது. அவர் வண்டி தின்பதே ஐந்தரைதான். பழைய வண்டியில்தான் கவனத்துக்குக் கூலி அதிகம்.

இனி பெரிய கேள்வி. போன தீபாவளிக்கு வந்த மாப்பிள்ளை கேட்டது. ‘மாமா, என் வண்டி பதினெட்டு குடுக்குது. உங்க ஜீப் பத்து. வருஷா வருஷம் டீசலுக்குக் கொட்டுறதுக்கு ஒரு புது வண்டி எடுத்துடலாமே?’

மாப்பிள்ளை கேட்டால் மரியாதையாகக் கணக்குப் போட்டுத்தானே பதில் சொல்ல வேண்டும். போட்டேன். என் ஜீப் வருடத்துக்கு 4,000 கிலோமீட்டர் ஓடுகிறது. பெரும்பாலும் வெளியூர்ப் பயணம். 400 லிட்டர். அவர் வண்டி அதே தூரத்துக்கு 222 லிட்டர். வித்தியாசம் 178 லிட்டர், ஏறக்குறைய 16,000 ரூபாய். ஜீப்பின் ரிப்பேருக்கு வருடம் 30,000 என்று தாராளமாகவே சேர்த்தேன். 46,000. புது வண்டி 14 லட்சம் என்றால், அந்தப் பணம் ஏழு சதவீத வட்டிக்கு டெபாசிட்டில் கிடந்தாலே வருடம் 98,000 வரும். புது வண்டிக்குத் தேய்மானமும் இன்சூரன்ஸும் தனி. ‘மாப்பிள்ளை, டீசலை மிச்சம் பிடிக்கிறதுக்காகப் புது வண்டி வாங்குறது, மோர் மிச்சமாகும்னு மாடு வாங்குற மாதிரி’ என்றேன். அவரும் சிரித்துவிட்டார்.

ஆனால் அதே கணக்கை அவருக்குப் போட்டால் வேறு விடை வரும். அவர் தினமும் வேலைக்குப் போய்வந்து வருடம் 15,000 கிலோமீட்டர் ஓட்டுகிறார். ஜீப் என்றால் 1,500 லிட்டர், அவர் வண்டிக்கு 833. வித்தியாசம் 60,000 ரூபாய், ரிப்பேரும் இரட்டிப்பாகும். அவருக்குப் புது வண்டிதான் நியாயம். பழைய ஜீப் எல்லோருக்கும் என்று நான் சொல்லவில்லை. எவ்வளவு ஓட்டுகிறோம் என்று கேட்காமல் எவ்வளவு குடுக்குது என்று மட்டும் கேட்பது அரைக் கேள்வி.

எனக்கு எதிராகச் சொல்ல வேண்டியதையும் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு வரும். என் 178 லிட்டர் வருடத்துக்கு ஏறக்குறைய 480 கிலோவை அதிகமாக விடுகிறது. புது வண்டி ஒன்றைத் தயாரிக்கவே சில டன் வெளியாகும் என்பதை வைத்துச் சமாதானம் சொல்லலாம். ஆனால் புகை விஷயத்தில் சமாதானம் இல்லை. பழைய டீசலின் கரித்துகளும் நைட்ரஜன் ஆக்சைடும் லிட்டர் கணக்கில் அடங்காதவை. நெரிசலான ஊருக்குள், பள்ளிக்கூட வாசலில், முப்பது வருட டீசலை உறுமவிட்டு நிற்பதற்கு எந்தக் கணக்கும் நியாயம் சொல்லாது. டெல்லியில் பத்து வருடம் தாண்டிய டீசலுக்குத் தடை வந்ததன் பின்னால் இருந்தது மூச்சு, மைலேஜ் இல்லை. என் ஜீப்பை நான் பஜாருக்கு எடுப்பதில்லை. அதற்குச் சைக்கிள் இருக்கிறது. தனியாகச் சென்னை போவதென்றால் பஸ். ஜீப்பில் ஐந்து பேர் ஏறினால் ஆளுக்கு நூறு கிலோமீட்டருக்கு 2 லிட்டர். ஒருவனே போனால் 10 லிட்டரும் அவன் தலையில். வண்டியின் எண்ணைவிட அதில் எத்தனை பேர் என்பது பெரிய விஷயம். ஏர்பேக் இல்லாத வண்டி என்பதும் நிஜம். 55-ல் போவதற்கு அது இன்னொரு காரணம்.

இதையெல்லாம் இப்போது எழுதக் காரணம் உண்டு. 15 வருடம் தாண்டிய காருக்குப் பதிவு புதுப்பிக்கும் கட்டணம் 2022 ஏப்ரலில் 600-லிருந்து 5,000 ரூபாய் ஆனது. பிறகு 20 வருடம் தாண்டியவற்றுக்கு இன்னும் ஏற்றினார்கள். 15 வருடம் கடந்த அரசு வண்டிகள் 2023 ஏப்ரல் முதல் கட்டாயமாகக் கண்டம். என் வயதுக்காரர்கள் பலர் வீட்டில் ஒரு பழைய ஜீப்போ, கமாண்டரோ, அர்மடாவோ கேன்வாஸ் போர்த்தி நிற்கிறது. புதுப்பிக்கும் தேதி நெருங்கும்போது பிள்ளைகள் சொல்லும் முதல் வாதம் ‘மைலேஜே இல்லப்பா’ என்பது. கேட்டவுடன் நாமும் தலையாட்டிவிடுகிறோம்.

சேஸிஸ் துருப்பிடித்து, பிட்னஸுக்கு நிற்காத வண்டி என்றால் கொடுத்துவிடுங்கள், அதில் வருத்தப்பட ஒன்றுமில்லை. புகை அடங்காவிட்டாலும் கொடுத்துவிடுங்கள். ஓட்ட உடம்பு ஒத்துழைக்கவில்லை என்றாலும் சரி. ஆனால் மைலேஜ்தான் காரணம் என்றால், கொடுப்பதற்குமுன் ஒரே ஒரு நீண்ட பயணம் போய்வாருங்கள். திருவண்ணாமலை, செங்கம், ஊத்தங்கரை வழி கிருஷ்ணகிரி வரை போய்த் திரும்பினால் போதும். காற்றுப் பார்த்து, பிரேக் பார்த்து, கேரியரை இறக்கி, 55-ல் ஓட்டுங்கள். முதல் ‘கட்’டிலிருந்து முதல் ‘கட்’ வரை கணக்கு எழுதுங்கள். நூறுக்கு எத்தனை லிட்டர், வருடத்துக்கு எத்தனை நூறு, லிட்டர் என்ன விலை. மூன்றையும் பெருக்கினால் வரும் ரூபாயைப் பிள்ளைகள் முன் வையுங்கள்.

அந்தத் தொகை உங்களால் தாங்க முடியாதது என்றால் வண்டியை விற்றுவிடுங்கள். தாங்க முடிந்தது என்றால், அடுத்த முறை பந்தியில் ‘எவ்வளவு குடுக்குது?’ என்று யாராவது கேட்டால், ‘நூறுக்குப் பத்து லிட்டர் சாப்பிடுது, ஐந்து பேரை மலையேத்துது’ என்று சொல்லிவிட்டுப் பாயசத்தைக் குடியுங்கள்.